கூலர் இல்லாத கோடை

டெல்லி முனிர்காவில் மெட்ரோ ஏறிய இரு பெண்களில் இளையவள் கத்தாத குறையாகச் சொன்னாள்.

"என் சளியில கிருமியே இல்லையாம்க்கா! இப்பதான் ரிப்போர்ட் வந்துது!"

"அச்சா! அப்போ ஷவரைத் திரும்ப மாட்டிடலாமா?"

"ஐயோ, கூடாது! தண்ணியில இருக்கிற கிருமி அந்தச் சாரல்லதான் நுரையீரலுக்குப் போகுதாம். மருந்தும் இன்னும் முடியல. பக்கெட்டுக் குளியல்தான்."

"கூலர்?"

"அதுவும் தண்ணிக்காத்துதானே? மே மாசமே எங்க வீட்டுக்காரரு யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டாரு. எனக்காக அவரும் வெறும் ஃபேன்லயே வெந்தாருக்கா."

"ரிப்போர்ட்டைக் கேட்டு என்ன சொன்னாரு?"

"இன்னும் சொல்லவே இல்ல! போன்ல சொன்னா அவர் மூஞ்சியப் பாக்க முடியாதே?"

பெட்டியில் யாருக்கும் தமிழ் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள் போலும். பாவம் அந்த மனிதர், அவருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.