திமிங்கலத்தைக் கொன்ற டீச்சர்

"அந்தத் திமிங்கலத்த நான்தான் கொன்னேன் டீச்சரே."

கருங்கல் போகும் பஸ்ஸில் முன்சீட்டு டீச்சர் பக்கத்து டீச்சரிடம் இப்படிச் சொன்னபிறகு, மடியிலிருந்த தடித்த புத்தகத்தை நான் வாசிப்பதாக நடிக்க மட்டுமே செய்தேன்.

"தெருச்சுவருல வரைஞ்ச திமிங்கலத்தக் காட்டித்தானே நம்ம ஸ்டெல்லா டீச்சர் பாடம் நடத்துகா? இன்ஸ்பெக்சனுக்கு வந்த ஏ.இ.ஓ.வும் பாராட்டுகாரு. நான் இருபது வருஷமா வகுப்புல சார்ட் ஒட்டுகேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல."

"அதுக்கு?"

"எலக்சன் வந்துல்லா? கட்சியில இருக்க எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லி, அந்தச் சுவருல வெள்ளையடிச்சு வேட்பாளர் பேர எழுத வச்சேன்."

"பொறவென்ன, சமாதானமாச்சா?"

"எங்க? இப்ப அந்தப் பேரக் காட்டி எழுத்துக்கூட்டப் படிப்பிக்கா. நேத்து ஏ.இ.ஓ. முன்னால உரக்க வாசிச்சுக் கைதட்டல் வாங்கினது எனக்க மோளாக்கும்."