பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய கோடு

பிற்பகல் இரண்டு நாற்பது. வெயில் இன்னும் தாழவில்லை. ஆறு வண்டிகள் பக்கம் பக்கமாகப் போகக்கூடிய சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டர். இரு பக்கமும் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியிருந்தன. ஸ்கூட்டரின் சத்தம் அவற்றில் மோதித் திரும்பி, பின்னால் இன்னொரு வண்டி வருவதுபோலவே கேட்டுக்கொண்டிருந்தது. ஓட்டியவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

அவர் என் அறைத்தோழனின் அண்ணி. அவர் சொல்லி அவன் கேட்டது; அவன் சொல்லி நான் கேட்டது. நான் எதையும் சேர்க்கவில்லை.

“அண்ணி பேயப் பாத்தாங்களா?” என்கிறான், ராத்திரிக் கதை கேட்க எங்கள் அறைக்கு வந்து படுத்திருக்கும் பக்கத்து அறை ஒட்டகம். உயரத்தால் வந்த பெயர். இப்போதும் போர்வைக்கு வெளியே இருப்பவை அவன் கால்கள் மட்டும்தான்.

பார்க்கவில்லை. போனில் பேசினார். தினமும்... அலுவலக நேரத்தில்.

“பரவாயில்லயே. நம்ம ஹாஸ்டல் ஆபீஸ்ல போன எடுக்க ஆளே கெடையாது.”

சிரித்துவிடுங்கள். அப்புறம் சொல்கிறேன்.

கொள்ளைநோயின் இரண்டாம் ஆண்டு அது. அண்ணி சுகாதார அலுவலகத்தில் இறப்புகளைத் தொகுக்கும் பிரிவில் இருந்தார். மதியம் இரண்டு மணிக்குப் பதினொரு மருத்துவமனைகளை வரிசையாக அழைப்பார். பெயர் தேவையில்லை. ஆணா பெண்ணா, வயது, இறந்த நாள்... அவ்வளவுதான். ஐந்து மணிக்கு அன்றைய வரைபடம் மேலே போக வேண்டும். இறந்தவர்கள் உடனுக்குடன் கணக்கில் வந்து சேர்வதில்லை. தகவல் நான்கு நாள், ஐந்து நாள் பிந்தும். ஆகவே கோட்டின் கடைசி வாரத்தைப் புள்ளிகளாகவே வரைவார்கள். அந்தப் புள்ளிகளை நம்பக்கூடாது என்பது அங்கே முதல் பாடம்.

இந்தத் தாமதத்துக்கும் அண்ணி தனியாக ஒரு கோடு வரைந்துவந்தார். எந்த மருத்துவமனை எத்தனை நாள் பிந்துகிறது என்று.

பதினொன்றாவது இடம் ஓர் உள்விளையாட்டரங்கம். அறுபது கட்டில்கள் போட்டு வார்டாக மாற்றியிருந்தார்கள். அங்கே போன் எடுப்பவர் ஓர் ஆண். அவசரமில்லாத, மெல்லிய குரல். பின்னணியில் எப்போதும் ஒரு சத்தம். டப்... டப்... யாரோ ஒருவர் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருப்பதுபோல. நோயாளிகள் படுத்திருக்கும் கூடத்தில் யார் பந்து தட்டுவார்கள் என்று அண்ணி கேட்டுக்கொள்ளவில்லை. வேலை அப்படி.

அந்த வார்டின் தாமதம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்து நாள். மூன்று. ஒன்று. நான்காவது வாரம் கோடு பூஜ்யத்தைத் தொட்டது. பிரிவுத் தலைவர் மகிழ்ந்துபோனார்.

“மத்த பத்து பேரும் இவங்களப் பாத்துக் கத்துக்கணும்மா. விட்டா நடக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க போல.”

அடுத்த திங்கட்கிழமை, இரண்டு இருபத்தைந்துக்கு அந்தக் குரல் சொன்னது: “பெண். எழுபத்தொண்ணு. புதன்கிழமை.”

“போன புதன்தானே?”

“இல்ல. வர்ற புதன்.”

நாக்குக் குழறியிருக்கும் என்று நினைத்தார். சொன்னபடியே தட்டினார். கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு விதி உண்டு: இறந்த நாள் தகவல் வந்த நாளுக்குப் பிந்தியிருந்தால் அது எழுத்துப்பிழை, தானாகவே அன்றைய தேதியாக மாற்றிவிடும். களைத்துப்போன ஊழியர்கள் தேதிகளை மாற்றி எழுதுவதால் அண்ணியே எழுதி வைத்த விதி. கட்டம் ஒருமுறை சிவந்தது. புதன், திங்களாயிற்று. அப்படியே விட்டுவிட்டார்.

வார்டிலிருந்து எழுத்தில் வரும் பட்டியல் வெள்ளிக்கிழமை காலை வந்தது. எழுபத்தொன்று, பெண். இறந்த நாள் திங்கட்கிழமைதான். நேரம்... மாலை நான்கு மணி ஐந்து நிமிடம்.

அண்ணி அதைத் தட்டியபோது மணி இரண்டு இருபத்தைந்து. அந்த அம்மா உயிரோடு இருந்திருக்கிறார். புதன்வரை இருந்திருப்பார்.

ஒட்டகம் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறான்.

அன்று மதியம் பதினொன்றாவது எண்ணை அழைக்காமலே விட்டிருக்கலாம். ஆனால் அண்ணியின் தம்பி எட்டு நாளாக அந்த வார்டில்தான் கிடந்தான். இருபத்திரண்டாவது கட்டில். அழைத்தார்.

டப்... டப்...

“ஆண். முப்பத்திநாலு. ஞாயித்துக்கிழமை.”

வயதைத் தட்டிய விரல் அங்கேயே நின்றது. தம்பிக்கு முப்பத்துநான்கு. தேதியைத் தட்டினால் விதி அதை இன்றைக்கு மாற்றிவிடும். பதிவைப் பாதியில் விட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். நான் முதலில் சொன்ன சாலை அதுதான்.

அரங்கத்தின் வாசலிலேயே பிளீச்சிங் நெடி. அதன் அடியில் ஈர மரத்தின் வாசனை. செவிலியர் ஒருவர் முகக்கவசத்தைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார்.

“போன்ல தகவல் சொல்றது யாருங்க?” என்று அண்ணி கேட்டார்.

“போன்லயா? நாங்க எழுதித்தான் அனுப்பறோம். அதுவே நாலஞ்சு நாள் ஆயிடுது, கோவிச்சுக்காதீங்க.” ஸ்கோர் பலகைக்குக் கீழே இருந்த மேசையைக் காட்டினார். “அங்க ஒரு போன் இருக்கு. நாங்க வந்தப்பவே வயர் கெடையாது.”

மேசைமேல் தூசி. தூசியில் விரல் தடம்கூட இல்லை.

தம்பி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தன் கைபேசியில் அழைத்தான்.

“அக்கா, சார்ஜர் கொண்டாந்தியா?”

“இல்லடா...”

“வெறுங்கையோட வந்து அழறதுக்கா இவ்ளோ தூரம்? போ. போய் வேலையப் பாரு.”

மூச்சு வாங்க வாங்கத்தான் சொன்னான். ஆனாலும் சொன்னான்.

அலுவலகம் திரும்பியபோது மணி நான்கு ஐம்பது. பிரிவுத் தலைவர் அண்ணியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“ஒரு பதிவு பாதியில நிக்குதேம்மா. தேதிய மட்டும் போட்டு முடிச்சுடு. இல்ல, நகரு... நான் போடறேன்.”

அவர் கை விசைப்பலகைக்கு நீண்டது.

“தப்பான பதிவு சார்,” என்று குறுக்கே சாய்ந்து, அதை முழுவதுமாக அழித்தார் அண்ணி.

தலைவர் தன் அறைக்குப் போனபிறகு மேசை போன் ஒலித்தது. அண்ணிதான் எப்போதும் அழைப்பார். அந்தக் குரல் ஒருநாளும் தானாக அழைத்ததில்லை.

“உங்க பக்கம் ஒண்ணு கொறையுதே.”

“கொறையட்டும்.”

டப்... டப்...

“எங்க பட்டியல்ல இருக்கும்மா.”

“இருக்கட்டும். நான் எழுத மாட்டேன்.”

பந்துச் சத்தம் நின்றது. பிறகு, கோபமே இல்லாமல்... “சரி. நீங்களே வெச்சுக்குங்க.”

அதன்பின் அந்த எண் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அண்ணி அரங்கத்துக்கு எதிர்ப்புற நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்ந்ததும் செவிலியர் வெளியே வந்தார்.

“தம்பி நல்லா இருக்காரு. மதியம்தான் ரெண்டு நிமிஷம் மானிட்டர்ல ஒண்ணுமே காட்டல. மிஷின் கோளாறுன்னு வேற மாத்தினோம். அதுலயும் காட்டல. அப்புறம் அவரே எழுந்து உக்காந்து, சார்ஜர் கெடைக்குமான்னு கேட்டாரு.”

பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“அப்ப ஜெயிச்சுட்டாங்க,” என்கிறான் ஒட்டகம். குரலில் ஒரு நிம்மதி.

தம்பி இருக்கிறான். வேலைக்குப் போகிறான். அக்காவைக் கிண்டல் செய்கிறான். வீட்டில் யாருக்கும் குறையொன்றும் தெரியாது. அண்ணிக்கு மட்டும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவன் அயர்ந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள், வார்டின் கட்டில் கம்பியில் சிக்கி அவன் கட்டைவிரல் நகத்தின் அடியில் இரத்தம் கட்டியிருந்தது. எள்ளளவு கறுப்பு. நகம் வளர வளர அது மேலே நகர்ந்து, ஆறு மாதத்தில் நுனிக்கு வந்து, வெட்டும்போது போய்விட வேண்டும்.

இது நான்காவது ஆண்டு.

கறுப்பு அடியிலேயே இருக்கிறது.