சரியாச் சொன்னவங்க படிக்கணும்

இல்லைங்க, நான் அந்த மாதிரி டாக்டர் இல்ல. உங்க வயித்தைத் தொட்டுப் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. சட்டையை இறக்கி விட்டுக்குங்க, நர்ஸ் பாத்தா என்னைத்தான் திட்டுவாங்க.

வாட்ச்மேன் உங்ககிட்ட சொன்னது பொய்யில்ல. குடலும் ஈரலும்தான் என் பொழப்பு. ஆனா முழு ஆளை நான் பாக்கறதே இல்ல. ஊசி போட்டு நூல் மாதிரி துளியூண்டு ஈரல் எடுப்பாங்க இல்ல, அதைச் சீவி, சாயம் ஏத்தி, கண்ணாடித் துண்டுல ஒட்டி என் மேசைக்கு அனுப்புவாங்க. பாத்துட்டு என்ன வியாதின்னு எழுதணும். முப்பத்தொரு வருஷமா அதேதான். எந்த நோயாளியும் என்னை வாழ்த்தினதுமில்ல, வஞ்சதுமில்ல. நிம்மதியான உத்தியோகம்னு வீட்டுல கிண்டல் பண்ணுவா.

பாடமும் எடுக்கறேன். பத்துப் பேர் சுத்தி உக்காந்து ஒரே ஸ்லைடைப் பாக்கற மைக்ராஸ்கோப் ஒண்ணு இருக்கு. அங்க நான் கொஞ்சம் கறார். கூட வர்ற படிவத்தை யாரும் முன்னாடியே பாக்கக்கூடாது, நானும் பாக்க மாட்டேன், கவுத்துத்தான் வெச்சிருப்பேன். அதுல டாக்டர் தன் சந்தேகத்தை எழுதியிருப்பாரு, படிச்சுட்டா கண்ணு அதையேதான் தேடும். யார் சரியாச் சொல்றாங்களோ அவங்கதான் படிவத்தைத் திருப்பி எல்லாருக்கும் படிக்கணும். பரிசு மாதிரி. பசங்க அதுக்கு அடிச்சுக்குவாங்க.

திங்கக்கிழமை ஒண்ணு வந்துது. அவ்வளவு தெளிவு. பாத்ததும், அருமையான கேஸுன்னேன். ஆமாங்க, நாங்க அப்படித்தான் பேசுவோம், என்ன செய்ய. மத்தவங்க முழிச்சாங்க. ஒரு பொண்ணு மட்டும், குடல்ல ஆரம்பிச்ச கேன்சர் சார், ஈரலுக்கு வந்துடுச்சுன்னு டக்குனு சொன்னா. சபாஷ், திருப்பிப் படின்னேன்.

திருப்பினா. படிக்கல. தாளை என் கையில குடுத்துட்டு வெளிய போயிட்டா.

தாள்ல இருந்தது அவ அப்பா பேருங்க. அவ அப்பான்னா எனக்குத் தம்பி. கூடப் பொறந்தவன். ஆபீஸ் வேலையா வெளியூர் போறேன்னு எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிட்டு, அங்க போய் ஊசி போட்டு ஈரல் துண்டு குடுத்திருக்கான். அண்ணன் பதறிடுவானாம், மகளுக்குப் பரீட்சையாம். அங்க ஈரல் பாக்க ஆளில்ல. துண்டு சுத்திச் சுத்தி என் மேசைக்கே வந்துடுச்சு.

நேத்துதான் இங்க சேத்தோம். இந்தக் கதவுக்குப் பின்னால, ரெண்டாவது கட்டில். கொஞ்ச நேரம் முன்னாடி ஒரு பொண்ணு என் கையைப் பிடிச்சுட்டு நின்னாளே, பாத்தீங்க இல்ல, அவதான். காலேஜ்ல சார்னுதான் கூப்பிடுவா. இன்னிக்கு, பெரியப்பா, நாம ரெண்டு பேருமே தப்பாப் பாத்திருக்கலாம் இல்லையான்னு கேக்கறா.

இன்னொரு தடவை பாக்கறேம்மான்னு சொல்லி உள்ள அனுப்பினேன். ஏழு தடவை பாத்தாச்சுங்க. திங்கக்கிழமை அவ சொன்னதுதான் சரி.