மண்ணும் தண்ணியும் பார்த்த கதை

இளங்கோவன்: ...அதனாலதான் சொல்றேன், கடேசியா காட்டுனானே அந்த மனை, அது ஏரி உள்வாய். அங்க வூடு கட்டுனா மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போவ வேணாம். மழை வந்தா வாசப்படியிலயே புடிச்சிக்கலாம்.

சம்பூர்ணம்: அத்தத்தான் போன வாரமே கழிச்சிட்டோமேய்யா. மீதி ரெண்டு. கோகுலம் அவென்யூவா, அன்னை நகரான்னு பதினோரு மணிக்குள்ள புரோக்கருக்கு சொல்லணுமாம். உம் பொண்ணு வந்துக்கினு இருக்கா.

இளங்கோவன்: அந்தத் தனசேகரனுக்கு எப்பவும் பதினோரு மணிதான். ‘வேற பார்ட்டி பாக்குது, வேற பார்ட்டி பாக்குது’ன்னு ஆறு வாரமா சொல்றான். அந்தப் பார்ட்டிக்குக் காலு கையி இருக்குதான்னே தெரியல. ...தம்பீ, பேப்பர் கப்பு வேணாம்பா. கிளாஸ்ல ஊத்து.

சம்பூர்ணம்: ஆரம்பிச்சிட்டியா? ஊர்ல எல்லா டீக்கடையிலயும் பேப்பர் கப்புதான். நாலு வருசமா உனக்கு மட்டும் கிளாஸு.

இளங்கோவன்: சூடு கையில தெரிஞ்சாத்தான் டீ.

சம்பூர்ணம்: சரி, குடி. ...ஏன்யா, கோகுலத்துல மண்ணு சரியில்லன்னியே. நெசந்தானா?

இளங்கோவன்: முப்பது வருசம் கரண்டி புடிச்ச கொத்தனாரப் பாத்துக் கேக்கற கேள்வியா இது? களிமண்ணு. காலையில ஒரு விரிசல் வுடும், சாயங்காலம் ஒரு விரிசல் வுடும்.

சம்பூர்ணம்: கோச்சிக்காத. நல்லதாப் போச்சுன்னுதான் கேட்டேன்.

இளங்கோவன்: நல்லதாவா?

சம்பூர்ணம்: தண்ணியும் உப்பு அங்க.

இளங்கோவன்: கோகுலத்துலயா? இன்னாமே சொல்ற, அது கல்கண்டு மாதிரி...

சம்பூர்ணம்: மாதிரி?

இளங்கோவன்: ...மாதிரின்னு புரோக்கரு சொன்னான்.

சம்பூர்ணம்: உப்புய்யா. கேட்டு வாங்கிக் குடிச்சேன். போன ஞாயித்துக்கெழம நீ மனையில குழி நோண்டிக்கினு இருந்தியே, அப்போ.

இளங்கோவன்: குடிச்சியா? யாரு வூட்டுல?

சம்பூர்ணம்: யாரோ. எதிர்ல ஒரு வூடு.

இளங்கோவன்: மஞ்ச பெயிண்ட்டா?

சம்பூர்ணம்: ...பெயிண்ட்டு பாத்துக்கினா தண்ணி கேப்பாங்க? தோ, வண்டி வந்துடுச்சு. அவளாண்ட நீ மண்ணச் சொல்லு, நான் தண்ணியச் சொல்றேன்.

சுகாசினி: இன்னா, ரெண்டு பேரும் என்னப் பாத்ததும் வாய மூடிக்கினீங்க?

சம்பூர்ணம்: ஹெல்மெட்டக் கழட்டு மொதல்ல. நெத்தியெல்லாம் வேர்வை. தழும்பு பளபளன்னு தெரியுது, பொட்டு கொஞ்சம் பெருசா வைக்கக் கூடாது?

சுகாசினி: தழும்புக்குப் பொட்டா? அது நைனா குடுத்த பட்டா, யம்மா. மறைக்கக் கூடாது.

இளங்கோவன்: நான் எங்கடி குடுத்தேன்? ஓடற ஓட்டத்துல ஜன்னல் திண்டு மூலையில போயி மோதிக்கினது நீ. மூணு வயசு. அன்னியிலருந்து நான் பூசற எந்த வூட்டுலயும் மூலைய கூரா வுட்டதில்ல. கட்டவெரலால மழுக்கித்தான் வுடுவேன். மேஸ்திரி கத்துவான், லைன் போவுதுன்னு. போனாப் போவுது, புள்ள நெத்தி போவாதுல்ல?

சுகாசினி: தெரியும் நைனா. அந்த மூலைய எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும்.

சம்பூர்ணம்: டீ சொல்லட்டா?

சுகாசினி: வேணாம். பத்தே கால் ஆவுது. சொல்லுங்க. எனக்குக் கோகுலம். தார் ரோடு, மூடி போட்ட கால்வாய், தெருவுக்கு எட்டு லைட்டு. காலையில அஞ்சரை மணிக்கு ஒரகடம் கம்பெனி பஸ்ஸு கேட்டாண்டையே நிக்குது. அன்னை நகர்ல இருந்து வந்தா சேத்துல ஒரு கிலோமீட்டர் நடக்கணும், இருட்டுல. லோனு என் பேர்ல. இருபது வருசம் கட்டப் போறது நான். அதனால, வேணாம்னா காரணம் வேணும்.

இளங்கோவன்: மண்ணு சரியில்ல.

சம்பூர்ணம்: தண்ணி சரியில்ல.

சுகாசினி: ரெண்டு பேரும் மனப்பாடம் பண்ணிக்கினு வந்தா மாதிரி இருக்குது. சரி, நைனா, கைய நீட்டு.

இளங்கோவன்: இன்னாடி இது, பாலிதீன் கவர்ல?

சுகாசினி: மண்ணு. எங்க மண்ணுன்னு சொல்ல மாட்டேன். கம்பெனியில குவாலிட்டி செக்குல அப்படித்தான் குடுப்பாங்க, பேரு ஒட்டாம. பாத்துட்டு சொல்லு.

இளங்கோவன்: ம்... அந்தத் தண்ணியக் கொஞ்சம் தெளி. ...உருள மாட்டேங்குது பாரு, உதிருது. களி இல்ல. கிராவல் கலந்த செம்மண்ணு. நாலடி தோண்டுனா கெட்டி வந்துடும், ரெண்டு மாடி அசையாம நிக்கும். எங்க எடுத்தே? பேசாம இத்த முடிச்சிடலாமே!

சுகாசினி: கோகுலம் அவென்யூ. பதினாலாம் நம்பர் மனை.

சம்பூர்ணம்: யோவ்! களிமண்ணு, விரிசல் வுடும்னியே!

சுகாசினி: இரும்மா, உனக்கும் இருக்குது. இந்தா, இந்த பாட்டில்ல ஒரு வாய் குடி.

சம்பூர்ணம்: நான் மாட்டேன்.

இளங்கோவன்: குடி, குடி. என்ன மட்டும் மாட்டி வுட்டுட்டு...

சம்பூர்ணம்: ...நல்லாத்தான் இருக்குது.

சுகாசினி: இது?

சம்பூர்ணம்: த்தூ! இன்னாடி இது, ஊறுகா கழுவுன தண்ணியா?

சுகாசினி: அது அன்னை நகர். நீ ‘இளநீரு மாதிரி இருந்துது’ன்னு சொன்னியே, அதே தெரு. மொதல்ல குடிச்சது கோகுலம்.

இளங்கோவன்: தறியில பாவு ஒண்ணு, ஊடை ஒண்ணு போட்டா மாதிரில்ல இருக்குது உன் கதை!

சம்பூர்ணம்: நீ பேசாத, கிராவலு! ...ஏன்டி, கோகுலத்துல இந்தத் தண்ணிய எப்படிப் புடிச்சே?

சுகாசினி: ஒரு வூட்டுல கேட்டேன். நேத்து.

சம்பூர்ணம்: குடுத்தாங்களா?

சுகாசினி: ...ஏம்மா, குடுக்க மாட்டாங்களா?

சம்பூர்ணம்: இல்ல, சும்மா கேட்டேன்.

சுகாசினி: சும்மா கேட்ட மாதிரி இல்ல. உப்புன்னு எப்படிச் சொன்னே, குடிக்காமயே?

சம்பூர்ணம்: வெயிலு ஏறுது பாரு, அந்தப் பக்கம் நகர்ந்து ஒக்காரு.

சுகாசினி: யம்மா.

சம்பூர்ணம்: அய்ய... ஒண்ணுமில்லடி. ஒரு எடத்துல குடிபோவறதுக்கு முன்னாடி நான் தண்ணி கேட்டுப் பாப்பேன். கல்யாணமாகி வந்ததுலருந்து எத்தினி சைட்டுல சித்தாளு வேலை பாத்திருப்பேன்? புது எடத்துக்குப் போனா மொத வேலை அதான். தண்ணி எப்படி இருக்குதுன்னு இல்ல... எதுல குடுக்கறாங்க, எங்க நின்னு குடுக்கறாங்க, குடிச்சிட்டு சொம்ப எங்க வைக்கச் சொல்றாங்கன்னு பாக்கறதுக்கு. அது தெரிஞ்சா அந்தத் தெரு தெரிஞ்சிடும்.

இளங்கோவன்: இத்தினி வருசத்துல எனக்கு இத்த நீ சொன்னதே இல்ல.

சம்பூர்ணம்: நீ மண்ணு பாப்பே, நான் இத்தப் பாப்பேன்.

சுகாசினி: கோகுலத்துல இன்னா சொன்னாங்க?

சம்பூர்ணம்: நல்ல பொடவைதான் கட்டியிருந்தேன். கேட்டாண்ட நின்னு கேட்டேன். அந்தம்மா நல்லாத்தான் சிரிச்சிது. ‘எங்கிருந்து வர்றீங்க’ன்னுது. நம்ம ஊரச் சொன்னேன். ‘ஊர்ல எந்தப் பக்கம்’னுது. சொன்னேன். ‘மோட்டார் ரிப்பேருங்க, ரெண்டு நாளா தண்ணியே இல்ல’ன்னு சொல்லிட்டு உள்ளப் போயிடுச்சு.

சுகாசினி: நெசமாவே ரிப்பேரா இருக்கலாம்லம்மா?

சம்பூர்ணம்: இருக்கலாம். அந்த நேரத்துல மாடியில டேங்க்கு நெறைஞ்சு சொவரு மேல வழிஞ்சுக்கினு இருந்துது. என் தோள்ல கூடத் தெறிச்சுது.

சுகாசினி: அன்னை நகர்ல?

சம்பூர்ணம்: அங்க எஸ்தர்னு ஒரு பொண்ணு. புருஷன் கிறிஸ்டோபரு ஆட்டோ ஓட்டறாராம். தண்ணி கேட்டதும், ‘குழாய்த் தண்ணி உப்புக்கா, வாயில வைக்க முடியாது’ன்னு சமையக்கட்டுக்குள்ள கூட்டிக்கினு போயி, கேனைக் கவுத்து அவ குடிக்கற டம்ளர்லயே குடுத்தா. அப்புறம் ‘ஒரு கை புடிங்கக்கா’ன்னு அரிசி மூட்டைய என்னத் தூக்கச் சொன்னா.

சுகாசினி: நீ இளநீருன்னது கேன் தண்ணியா?

சம்பூர்ணம்: எனக்கு அப்படித்தான் இருந்துது.

சுகாசினி: சரி. நைனா, நீ?

இளங்கோவன்: நான் இன்னா? வயசாச்சு, கை தப்பிடுச்சு. செம்மண்ணு களிமண்ணாத் தெரிஞ்சிடுச்சு.

சம்பூர்ணம்: மஞ்ச பெயிண்ட்டுன்னு கேட்டியே, அது எப்படித் தெரியும் உனக்கு? கல்கண்டுன்னியே?

இளங்கோவன்: ...அந்த வூட்ட நான்தான்மே கட்டுனேன்.

சம்பூர்ணம்: எந்த வூட்ட?

இளங்கோவன்: டேங்க்கு வழிஞ்சுதே, அந்த வூடு. அஸ்திவாரத்துலருந்து பூச்சு வரைக்கும். நாலு வருசத்துக்கு முன்னாடி ஆறு மாசம் வேலை செஞ்சேனே, டவுன்லன்னு சொன்னேனே, அதான்.

சுகாசினி: கிரகப்பிரவேசத்துக்குப் போயி வேட்டி துண்டு வாங்கிக்கினு வந்தியே, அந்த வூடா?

இளங்கோவன்: ம்.

சம்பூர்ணம்: வடை பாயசத்தோட மொதப் பந்தியில ஒக்கார வெச்சாங்கன்னியே! தட்டுல பழம் வெத்தலையெல்லாம் வெச்சு, ஊரே பாக்க கொத்தனாருக்குச் சபையில மரியாதை பண்ணாங்கன்னியே!

சுகாசினி: ரெண்டு வகை பாயசம்னு சொன்னே நைனா. நான் கூட எடுத்துக்கினு வரலையான்னு சண்டை போட்டேன்.

இளங்கோவன்: முந்தின நாளு சாயங்காலமே குடுத்துட்டாங்க. சிமெண்ட்டு மூட்டை அடுக்கற ஷெட்டுல வெச்சு. ‘நாளைக்குக் கூட்டமா இருக்கும், சொந்தபந்தமெல்லாம் வருவாங்க, உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்’னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. ஆறு மாசமும் அப்படித்தான். பிளம்பருக்கு டம்ளரு, நமக்குப் பேப்பர் கப்பு. ‘கழுவற வேலை மிச்சம்’னு சிரிச்சுக்கினே குடுப்பாங்க.

சம்பூர்ணம்: அன்னிக்குக் காலையில குளிச்சிட்டுச் சட்டை மடிப்பு கலையாம போனியேய்யா... எங்கப் போனே?

இளங்கோவன்: நீ இஸ்திரி போட்டு வெச்சிருந்தே. போவலன்னா கேப்ப. திருமுக்கூடல் பஸ்ஸு வந்துது, ஏறிட்டேன். ஆத்துல மணல்ல ஒக்காந்திருந்தேன் ரெண்டு மணி வரைக்கும். வரும்போது நாலு இட்லி துன்னேன். பாயசம் வழியில யோசிச்சது.

சம்பூர்ணம்: ரெண்டு வகையா யோசிச்சிருக்க பாரு... படுபாவி மனுசா.

இளங்கோவன்: அழாத. டீக்கடையில எல்லாரும் பாக்கறாங்க.

சம்பூர்ணம்: யாரு அழுதா? தூசு.

இளங்கோவன்: இந்தா சுகா, கேளு. இதெல்லாம் எங்களோட போவட்டும். மண்ணு நல்ல மண்ணு, தண்ணி நல்ல தண்ணி. நீயே பாத்துட்டே. அஞ்சரை மணிக்கு வெளிச்சத்துல நின்னு பஸ்ஸு ஏறணும் நீ. அதுதான் எனக்குப் பெருசு. தனசேகரனாண்ட கோகுலம்னு சொல்லிடு. நான் கட்டித் தரேன். ஒரு விரிசல் வுடாது.

சம்பூர்ணம்: ஆமாண்டி. எதிர் வூட்டுல தண்ணி கேக்கவா நாம குடிபோறோம்? நமக்குன்னு ஒரு குழாய் இருக்கும். உன்ன மாதிரி படிச்சு, கம்பெனிக்குப் போற பொண்ணுன்னா அவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

சுகாசினி: ...ஒண்ணும் சொல்ல மாட்டாங்கதான்.

இளங்கோவன்: போன் அடிக்குது பாரு. அவன்தான். எடு.

சுகாசினி: அலோ... சொல்லுங்கண்ணா. ஆங், மூணு பேரும் இங்கதான் இருக்கறோம், ஏனாத்தூர் ரோடு டீக்கடையில... முடிவு பண்ணிட்டோம். அன்னை நகர்... இல்லண்ணா, கோகுலம் இல்ல. அன்னை நகர், அந்த எஸ்தர் அக்கா வூட்டுக்குப் பக்கத்து மனை... ஆமா, தெரியும். தண்ணி உப்பு, ரோடு சேறு, லைட்டு இல்ல. எல்லாம் தெரிஞ்சுதான். வாங்க.

இளங்கோவன்: இன்னாடி பண்ணே?

சம்பூர்ணம்: ஆறு வாரமா கோகுலம், கோகுலம்னு குதிச்சது நீதானே!

இளங்கோவன்: எங்களுக்காக வுட்டுக் குடுத்தியா? அப்படின்னா வேணாம். திருப்பிப் போடு போன. உனக்கு அங்க தண்ணி குடுத்தாங்கதானே? நல்லாத்தானே பேசனாங்க?

சுகாசினி: அந்த மஞ்ச வூட்டுலதான் நைனா வாங்குனேன். கம்பெனி கார்டு கழுத்துல இருந்துது, உள்ளக் கூப்ட்டு ஒக்கார வெச்சாங்க. எவர்சில்வர் டம்ளர்ல காபி. ஜன்னலாண்ட ஒக்காந்து திண்டத் தடவுனேன்... மூலை மழுங்கி இருந்துது. ‘யாரு ஆன்ட்டி பூசனது, அழகா இருக்குதே’ன்னேன். ‘காலனியிலருந்து எவனோ ஒருத்தன் வந்தாம்மா, பேரு ஞாபகமில்ல, வேலை சுத்தம்’னாங்க. அப்புறம், ‘நீ எந்தத் தெருவும்மா’ன்னு கேட்டாங்க. பெரிய காஞ்சிபுரம்னு பொய் சொல்லிட்டு... காபிய முழுசாக் குடிச்சிட்டு வந்துட்டேன் நைனா.