பின் சீட்டில் மூன்று பேர்

இது எங்கள் கூட்டாளி அனுஷனின் மச்சான் சுஜீதனுக்கு நடந்தது. நம்பாதவர்கள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுங்கள், எனக்கும் சேர்த்து.

யூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்தரை. செவன் ஹில்ஸில் தொழிற்சாலைகளுக்கு நடுவே போகிற ரோட்டு... ஒரு நாய்கூட இல்லை. இங்கே யூன் குளிர்காலம், அதற்குள் கும்மிருட்டு. சுஜீதன் கார் ஓட்டுகிறான். பக்கத்தில் ஈஸ்வரமூர்த்தி அங்கிள். மேடை கிடைத்தால் மானம், வீரம் என்று முழங்குகிற மனுஷன். அன்றும் முழங்கிவிட்டுத்தான் வந்தார். அவரை வீட்டில் இறக்கிவிட வேண்டும்.

டிங்... டிங்... டிங்.

பின்னால் இருப்பவர் சீட் பெல்ட் போடவில்லை என்று கார் சொல்கிறது. பின்னால் யாரும் இல்லை. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு இரண்டு. பிறகு மூன்று... ஹீட்டர் காற்றில் உப்புத்தண்ணீர்க் களப்பின் சேறு மணத்தது. என்ன, சிரிப்பு நின்றுவிட்டதா?

அங்கிள் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சிவனேஸ்வரி... பிள்ளையளையும் கூட்டிக்கொண்டோ வந்தனீ?"

சுஜீதன் காரை ஓரங்கட்டினான். "ஆர் அங்கிள் அது?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். வன்னியில் யுத்தத்தின் கடைசிக் கிழமை. எல்லாம் தோற்றுப்போயிற்று. ஆமியிடம் கையைத் தூக்குவதைவிடச் சாவது மேல் என்று பங்கர் பங்கராய்ப் போய்ச் சொன்னது இவர்தானாம். கேட்ட குடும்பங்கள் ஒவ்வொன்றாய்... அவர்களில் ஒருத்தி சிவனேஸ்வரி, இரண்டு பெண் பிள்ளைகளோடு களப்புக்குள் இறங்கினாள். "போங்கோ, நான் பின்னால வாறன்" என்று அனுப்பிவைத்தவர், விடிந்ததும் வெள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு ஆமியிடம் போய்விட்டார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். மிகவும் பணிவாக.

"அண்ணா, நீங்கள் இறங்குங்கோ."

கிழவர் சுஜீதனின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைத் தனிய விட்டிட்டுப் போகாத தம்பி."



"அவையளும் தனியத்தானே போனவை, அங்கிள்."

கையை உதறிவிட்டு இறங்கினான். கதவைச் சாத்தினான்... உள்ளே டிங் சத்தம் நின்றது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனை நான் குறை சொல்லமாட்டேன்.

திரும்பிக் கதவைத் திறந்தபோது கிழவர் சீட்டில் அப்படியே இருந்தார். கண் திறந்தபடி, மூச்சில்லாமல். உடுப்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ரோட்டில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார்கள். அமுக்க அமுக்க வாயால் தண்ணீர் வந்தது... வந்துகொண்டே இருந்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண் நிமிர்ந்து சுஜீதனிடம் இங்கிலீஷில் கேட்டாளாம்:

"இவரை எந்தக் கடலில இருந்து தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"