தலைமன்னார் கோச்சிக்கு இரண்டு டிக்கெட்

கண்டி ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் புதிதாக ரயில் விட்டிருந்தார்கள். டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் நின்றார்கள்.

“வழியனுப்ப யாரும் ஸ்டேஷனுக்கு வந்துடாதீங்கன்னு லயத்து வீடுகள்ல சொல்லிட்டேன்” என்றாள் தாய்.

“ரெண்டு நாள் கல்யாணத்துக்குப் போறோம். அதுக்கு யாரும்மா வழியனுப்ப வருவாங்க?”

“தலைமன்னார் கோச்சின்னா வருவாங்க. அப்ப நான் சின்னப் புள்ள. எங்க அக்கா குடும்பத்த கவர்மெண்டு இந்தியாவுக்கு அனுப்பினப்ப, தோட்டமே இந்த மேடையில வந்து நின்னு ஒப்பாரி வச்சிச்சு. அங்க போய் கப்பல் ஏறுனவங்கதான்.”

“இப்ப கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. இந்தக் கோச்சி போயிட்டுத் திரும்பி வரும்.”

டிக்கெட் ஜன்னலுக்கு வந்ததும் மகள் இரண்டு டிக்கெட் கேட்டாள். தாய் அவள் கையைப் பிடித்தாள்.

“திரும்பி வர்ற டிக்கெட்டையும் இங்கயே குடுக்கச் சொல்லு, உள்ள இருக்கிற மாத்தயாகிட்ட.”

“அத அங்க வாங்கிக்கலாம்மா. வராமலா இருந்துடப் போறோம்?”

“அக்காவும் வந்துருவேன்னுதான் சொல்லிட்டுப் போனா.”

மகள் மறுபடியும் ஜன்னலுக்குள் குனிந்தாள்.