வண்டியே சொல்லட்டும்

— ஷட்டரைப் பாதி இறக்குடா. போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பார்க்குறான்.

— இறக்கினா நட்டு எது போல்ட்டு எதுன்னு எனக்கே தெரியாதுக்கா. அதாவது, கடைசியா ஒரு தடவை சொல்றேன். திறக்க வேண்டாம். போலீஸ் ஸ்டேஷன்ல மூணு மாசம் மழையில நனைஞ்ச ஸ்கூட்டர். எடைக்குப் போட்டுட்டு ஆளை விடு.

— என் பொண்ணு கடைசியா உட்கார்ந்த சீட்டுடா அது. எடைக்குப் போடச் சொல்றே.

— அய்யோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலைக்கா.

— எந்த அர்த்தத்துலயும் சொல்ல வேண்டாம். ஸ்பேனரை எடு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அன்னைக்கு இன்ஜின் சூடாச்சே, மீட்டர்ல அந்தச் சிவப்பு லைட் எரிஞ்சுதா, எரியலையா? எரிஞ்சிருந்தா பாலம் ஏறுறதுக்கு முன்னாடியே உங்க மாமா ஓரங்கட்டியிருக்கணும். ஓரங்கட்டியிருந்தா நடுப்பாலத்துல இன்ஜின் இறுகி நின்னிருக்காது. பின்னாடி வந்த வேன்காரன்...

— போதும்க்கா, நிறுத்து.

— ஏன் நிறுத்தணும்? மூணு மாசமா இதைத்தானே தினமும் அவரைக் கேட்டேன். சோறு போடும்போது கேட்டேன். உடைஞ்ச காலைத் தூக்கித் தலையணை மேல வைக்கும்போது கேட்டேன். பாத்ரூம் வாசல்ல நின்னு கேட்டேன். புள்ளையைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு நீ அந்த லைட்டைப் பார்த்தியா இல்லையான்னு.

— எரியலைன்னுதானேக்கா மாமா சொல்றாரு?

— அவர் வாயால வர்றது எதையுமே என்னால நம்ப முடியலைடா. வண்டியே சொல்லட்டும்.

— லைட் எரிஞ்சிருக்கும்க்கா. நான்தான் அன்னைக்கே சொன்னேனே.

— சொன்னே. திறந்து பார்த்துட்டா சொன்னே? ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு, இன்ஸ்பெக்டர் கேட்டதும், "லைட் எரிஞ்சிருக்கும் சார், எங்க மாமா எப்பவும் ஏதோ யோசனையிலதான் ஓட்டுவாரு"ன்னு பட்டுன்னு சொன்னே. அது என் காதுல விழுந்துச்சு. அன்னைக்கு உள்ள போன முள்ளுடா.

— அதாவது, பதினேழு வருஷமா இதே வேலை பார்க்குறேன். சத்தத்தை வச்சே கண்ணை மூடிக்கிட்டு சொல்வேன், எதுல கோளாறுன்னு. அதுவும் இது நான் கை வச்ச வண்டி. பன்னெண்டு நாளைக்கு முன்னாடிதான் வாட்டர் பம்ப்புக்கு சீல் மாத்திக் கொடுத்தேன். வண்டியில குறை இருக்க வழியே இல்லை.

— கண்ணை மூடிச் சொன்னது போதும். இப்ப வாயை மூடிட்டுக் கண்ணைத் திறந்து பாரு.

— உன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? சரி, இந்த டார்ச்சைப் பிடி. இன்னும் கொஞ்சம் கீழ. இதோ, இந்த டப்பாதான் இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் ஊத்துற டப்பா. ரெண்டு கோடு தெரியுதா? பச்சையா நிக்குதுல்ல, மேல் கோடு வரைக்கும்?

— நிக்குது.

— அப்ப ஒழுகலை. மாமா இதையெல்லாம் ஒழுங்காத்தான் பார்த்திருக்காரு. அடுத்தது ரேடியேட்டர். சேறு அடைச்சா காத்து போகாது, சூடு தங்கிடும். டார்ச்சைப் பின்னாடி காட்டு... வெளிச்சம் இந்தப் பக்கம் வருது. பளிச்சுன்னு இருக்கு.

— மேல சொல்லு.

— ஃபேன். வேற பேட்டரியில இருந்து நேரா ஒயர் கொடுக்குறேன். தள்ளி நில்லு, முந்தானை மாட்டிக்கும். ம், சுத்துது பாரு. இதுவும் நல்லா இருக்கு.

— எல்லாமே நல்லா இருந்தா எப்படிடா இன்ஜின் வெந்துச்சு?

— அவசரப்படாதே, வர்றேன். நீ கேட்ட விஷயத்தை முதல்ல முடிப்போம். ஃபேன்ல கொடுத்த ஒயரை எடுத்துட்டு, அதே பேட்டரியை வண்டிக்கு மாட்டிச் சாவியும் போட்டாச்சு. சூட்டைப் பார்க்குற சென்சாரைக் கழட்டிட்டேன், அதோட ஒயர் அப்படியே இருக்கட்டும். அந்தக் கெட்டிலை ஆன் பண்ணு. இல்லை, அது நேத்து டீ. கொட்டிட்டு நல்ல தண்ணி பிடி.

— எத்தனை நாளா இதைக் கழுவலை? உன் பொண்டாட்டி பார்த்தா இந்தப் பக்கமே வர மாட்டா.

— அதுக்குத்தான் கழுவுறதில்லை. கொதிச்சுடுச்சா? சரி, நீ மீட்டரையே பார்த்துக்கிட்டிரு. நான் சென்சாரைத் தண்ணியில முக்குறேன். எதுவும் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு.

— தெரியலை.

— பொறு.

— தெரியலைடா. எதுவுமே... ஆங். எரியுது.

— எரியுதா?

— எரியுது. சிவப்பா.

— ஃபேனும் தானா சுத்துது பாரு. ரெண்டுக்கும் ஒரே சென்சார்தான். தண்ணி சூடானா ஃபேன் சுத்தும், அதுக்கும் அடங்கலைன்னா லைட் எரியும். எல்லாம் சொல்லி வச்ச மாதிரி வேலை செய்யுது.

— இவ்வளவு பெருசாவாடா எரியும்? நான் ஏதோ மிளகு மாதிரி ஒரு புள்ளி எரியும்னு நினைச்சேன்.

— பட்டப்பகல்ல, வெயில்லயும் தெரியும்க்கா.

— அப்ப பார்த்திருக்காரு.

— பார்த்திருப்பாரு. தினமும் போற வழி, வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர்தான் பாக்கி, போயிடலாம்னு நினைச்சிருப்பாரு. எத்தனை பேரு அந்த மாதிரி இங்க வந்து நிக்குறாங்க தெரியுமா? மனுஷன்தானே. மன்னிச்சு விட்டுடுக்கா.

— மன்னிக்கிறதுக்குத்தான்டா வந்தேன். எது நடந்துச்சுன்னு உறுதியாத் தெரியாம எதை மன்னிக்கிறது? இப்பத் தெரிஞ்சுடுச்சு. போதும், மூடு. நான் கிளம்பறேன். நீச்சல் கிளாஸ் முடிஞ்சு புள்ள தலையைக்கூடத் துவட்டாம ஏறி உட்கார்ந்திருக்கா. முடியெல்லாம் ஈரமா இருந்துச்சுடா ஆஸ்பத்திரியில. ரத்தம்னு நினைச்சு நான் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன், பாதி வெறும் தண்ணி.

— அழாதேக்கா. இந்த ஸ்டூல்ல உட்காரு. ஒரு அஞ்சு நிமிஷம் இரு, நானே கொண்டு வந்து விடுறேன். ஆனா ஒண்ணு இடிக்குது.

— இன்னும் என்ன?

— ஏன் சூடாச்சுன்னே கண்டுபிடிக்கலையே. கூலன்ட் இருக்கு, ரேடியேட்டர் சுத்தம், ஃபேன் ஓடுது. அப்புறம் எப்படி இன்ஜின் இறுகும்?

— அது தெரிஞ்சு இனிமே யாருக்கு என்ன?

— உனக்கு வேண்டாம். எனக்குத் தெரியணும்க்கா, இல்லைன்னா மண்டை குடையும். இந்த ரப்பர் குழாய்தான் கீழ் ஹோஸ், இதுல இந்த மக்கால தண்ணி ஊத்து, மெதுவா. அது பம்ப் வழியா இன்ஜினுக்குள்ள சுத்தி, மேல இந்தப் பக்கமா வெளிய வரணும்.

— ஊத்துறேன். வரலையே.

— வரலையா? ஹா! கிடைச்சுடுச்சுக்கா! தெர்மோஸ்டாட். அதாவது, வழியில ஒரு கதவு மாதிரி வச்சிருப்பான். இன்ஜின் சூடானா அது தானா திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடும். அது மூடினபடியே மாட்டிக்கிட்டா அவ்வளவுதான், இன்ஜின் வெந்துடும். கம்பெனியில இருந்து வர்ற பார்ட்டு. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

— யார் தப்பும் இல்லையா?

— யார் தப்பும் இல்லை.

— திரும்பச் சொல்லு.

— யார் தப்பும் இல்லைக்கா. இரு, கண்ணால காட்டுறேன். இதையும் கெட்டில்ல போடுவோம். திறக்காது பாரு.

— டேய்.

— பொறு, நீ பாட்டுக்கு...

— திறக்குதுடா. நடுவுல வட்டமா வழி விடுது. நல்லாப் பாரு.

— ஆமா. திறக்குது. பச்சைத் தண்ணிக்கு அது மூடித்தான் இருக்கும், அவசரத்துல மறந்துட்டேன்.

— அப்ப இதுவும் நல்லா இருக்கு. அஞ்சு நிமிஷம் என்னை வேற எங்கயோ கொண்டு போயிட்டே. சரி விடு, நான் ஆட்டோ பிடிச்சுப் போறேன்.

— போகாதேக்கா. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டேன், வழி தொறந்துதான் கிடக்கு. மறுபடி ஊத்து. இன்னும் கொஞ்சம்... வரலை. கதவே இல்லை, அப்பவும் வரலை. அப்ப ஹோஸ்தான். மேல் ஹோஸ். உள்ள ரப்பர் பிஞ்சு மடங்கியிருக்கும். ஒரு கம்பியைக் கொடு. வளைவுலதான் இருக்கணும்...

— என்ன, இருக்கா?

— ம்.

— என்னடா? கம்பியில என்ன மாட்டிக்கிட்டு வருது?

— ஒண்ணுமில்லை. அழுக்கு.

— உன் மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?

— பாசி மாதிரி ஏதோ. நீ கிளம்பறேன்னியே, கிளம்பு. ஆட்டோ நானே கூப்பிடுறேன்.

— கையை ஏன் பின்னாடி வச்சுக்கிறே? காட்டு.

— அக்கா, வேண்டாம்க்கா.

— சின்னப் புள்ளையில திருடித் தின்னுட்டு நிப்பியே, அதே நிலையில நிக்கிறே. கையைக் காட்டுடா!

— அக்கா...

— துணி. நீலக் கட்டம். இது நான் கொண்டு வந்து கொடுத்த பழைய பெட்ஷீட்டாச்சே. கை துடைக்க ஆகும்னு நீதானே கேட்டு வாங்கி வச்சே. இது எப்படி வண்டிக்குள்ள போச்சு?

— நான்தான் வச்சேன்.

— மேல சொல்லு.

— ஹோஸைக் கழட்டினா அதோட வாயில துணி சுருட்டி அடைப்போம்க்கா. மண்ணு விழக்கூடாது, நட்டு கிட்டு உள்ள போயிடக்கூடாதுன்னு. எல்லா மெக்கானிக்கும் செய்யறதுதான். நுனியை மட்டும் வெளிய தொங்க விடுவோம், மாட்டும்போது மறக்காம இருக்க. அன்னைக்குத் துண்டு சின்னது. முழுசா உள்ள போயிருக்கு. மாமா பக்கத்துல நின்னு ஏதோ சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கிட்டிருந்தாரு. நானும் சிரிச்சுக்கிட்டே கிளாம்ப்பை முடுக்கிட்டேன்.

— பன்னெண்டு நாள் ஓடுச்சேடா. இது உள்ள இருந்தா எப்படி ஓடும்?

— முதல்ல லூசா இருந்திருக்கும், ஓரமா தண்ணி போயிருக்கும். தண்ணி தள்ளத் தள்ள நகர்ந்து நகர்ந்து, கடைசியில வளைவுல போய் இறுக்கமா அடைச்சுக்கிட்டிருக்கு. எனக்கு ஞாபகமே இல்லைக்கா. சத்தியமா இப்ப இதைக் கையில பார்க்குற வரைக்கும் ஞாபகம் இல்லை.

— சரி. லைட்?

— சென்சார் ரேடியேட்டர்ல இருக்குக்கா. இந்த அடைப்பைத் தாண்டித்தான் இருக்கு.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— சூடான தண்ணி இந்த வளைவோட நின்னுடுச்சு. சென்சார்கிட்ட வரவே இல்லை. இந்தப் பக்கம் இன்ஜின் வெந்துக்கிட்டிருக்கு, அந்தப் பக்கம் ரேடியேட்டர் ஜில்லுன்னு இருக்கு. சென்சாருக்குத் தெரியாது. ஃபேனும் சுத்தியிருக்காது.

— ஒரே வார்த்தையில சொல்லுடா. எரிஞ்சுதா, எரியலையா?

— எரியலை. எரியறதுக்கு வழியே இல்லைக்கா.

— அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.

— தெரிஞ்சிருக்காது. பாலத்துல நிக்கிற நிமிஷம் வரைக்கும் வண்டி நல்லா ஓடுதுன்னுதான் நினைச்சிருப்பாரு. என்னை அடிக்கா. அந்த ஸ்பேனராலயே அடி. குட்டியைத் தூக்கித் தூக்கி வளர்த்த கைதான்க்கா இது.

— கத்தாதே.

— நான் ஸ்டேஷனுக்குப் போறேன். இந்தத் துணியை மேஜை மேல வச்சு, நான்தான்னு எழுதிக் கொடுக்குறேன். அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வர்றேன். இப்பவே வர்றேன். மாமா கால்ல விழுந்து, நீங்க மூணு மாசமா சொல்றதுதான் நிஜம்னு சொல்றேன். இதுக்கு மேல அவரை ஒரு வார்த்தை கேட்காதேக்கா. பாவம்க்கா அந்த மனுஷன். நீங்க சொன்னதுதான் நிஜம்னு ஒருத்தராவது அவர்கிட்டச் சொல்லணும்.

— எதைடா நிஜம்னு சொல்லுவே?

— லைட் எரியலைன்னு அவரு சொல்றதை.

— நேத்து சாயந்திரம் ஒத்துக்கிட்டாருடா. "எரிஞ்சுது, நான் பார்த்தேன், பார்த்துட்டுத்தான் ஓட்டினேன், இனிமே கேட்காதே"ன்னு.